கேம் சோதனையாளராகத் தொடங்கித் தயாரிப்பாளராக உயர்வது எப்படி

வீடியோ கேம் துறையில் தயாரிப்பாளர் என்பவர் பணம் போடுபவர் அல்லர். எந்த வேலை, யாரால், எந்த வரிசையில், எப்போதைக்குள் முடிய வேண்டும் என்று திட்டமிடுபவர் அவர். அத்திட்டம் குலையும்போது அதைத் திருத்தி, நிரலாளர், ஓவியர், வடிவமைப்பாளர், ஒலிக் கலைஞர், சோதனையாளர் ஆகிய எல்லோருடைய உழைப்பும் ஒரே விளையாட்டாக வந்து சேரும்படி பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்பே. 1982-இல் ட்ரிப் ஹாக்கின்ஸ் தொடங்கிய எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம், இசைத் துறையில் இருந்த ஏற்பாட்டைப் பின்பற்றி இந்தப் பதவியைக் கேம் துறையில் பரவலாக்கியது.

இப்பதவிக்கு வந்தவர்களில் கணிசமானோர் சோதனையாளராகத் தொடங்கியவர்கள். 1990-களின் தொடக்கத்தில் இன்டர்ப்ளே நிறுவனத்தில் சோதனையாளராக இருந்த ஃபியர்கஸ் அர்க்கார்ட், அங்கேயே தயாரிப்பாளராகி, பிளாக் ஐல் ஸ்டுடியோஸ் பிரிவுக்குத் தலைமை ஏற்று, 2003-இல் அப்சிடியன் என்டர்டெயின்மென்ட் நிறுவனத்தை வேறு சிலருடன் இணைந்து நிறுவினார். ஆனால் சோதனைப் பிரிவில் சில ஆண்டுகள் இருந்துவிட்டால் பதவி தானாகத் தேடி வரும் என்று எண்ணுவது தவறு. சோதனையாளரின் கடமை, இருக்கும் எல்லாக் குறைகளையும் கண்டுபிடிப்பது. தயாரிப்பாளரின் கடமை, அவற்றில் எவற்றை விட்டுவிடலாம் என்று தீர்மானித்து அந்தத் தீர்மானத்துக்குப் பொறுப்பேற்பது. முதலாவதில் தேர்ந்தவர், அந்த வேலையில் இருக்கும்போதே இரண்டாவதைப் பழகிக்கொள்ள வேண்டும். அது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சோதனையாளராக நுழைதல்

விளையாடிக்கொண்டே சம்பளம் வாங்கும் வேலை என்று நினைத்து வருபவர்கள் விரைவிலேயே சோர்ந்துபோகிறார்கள். ஒரே கட்டத்தின் எல்லாச் சுவர்களிலும் கதாபாத்திரத்தை மோதவிட்டுப் பார்ப்பதும், முந்தைய நாள் திருத்தப்பட்டதாகச் சொல்லப்பட்ட பிழைகள் உண்மையிலேயே போய்விட்டனவா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பதும், புதிய பில்ட், அதாவது அதுவரை செய்த வேலைகளைத் தொகுத்து ஓடவிடத்தக்கதாக ஆக்கிய பதிப்பு, வந்தவுடன் அது திறக்கிறதா, சேமிக்கிறதா, முதன்மைப் பாதை ஓடுகிறதா என்று பார்ப்பதும்தான் அன்றாட வேலை. இதில் பொறுமையை விடக் கூர்மையான எழுத்துத் திறன் முக்கியம் என்பது என் கருத்து. விண்ணப்பிக்கும்போது, ஏற்கெனவே வெளிவந்த ஏதேனும் ஒரு விளையாட்டில் நீங்களே கண்டறிந்த சில பிழைகளை முறையான அறிக்கையாக எழுதி இணைத்தால், "எனக்கு விளையாட்டுகள் என்றால் உயிர்" என்ற வரியை விட அது பல மடங்கு பேசும்.

வேலை வகையைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு கிடைத்தால், வெளியீட்டாளரின் தனிச் சோதனை மையத்தை விட, உருவாக்கும் குழுவுக்குள்ளேயே அமர்ந்து வேலை செய்யும் சோதனையாளர் இடத்தைக் கேளுங்கள். தனி மையத்தில் இருப்பவருக்குப் பிழைப் பட்டியல் மட்டுமே தெரியும். குழுவுக்குள் இருப்பவருக்கு அந்தப் பிழைகள் ஏன் பிறந்தன என்பதும், அவற்றைப் பற்றி யார் யாரிடம் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதும் தெரியும். பின்னாளில் பயன்படப்போவது இரண்டாவது வகை அறிவுதான். கன்சோல் என்னும் விளையாட்டுக் கருவியின் நிறுவனம் வகுத்த விதிகளுக்கு விளையாட்டு உட்படுகிறதா என்று பார்க்கும் விதிமுறைச் சோதனையும் நல்ல பயிற்சி, ஏனென்றால் அந்த வேலை முழுவதும் தேதிகளோடு பிணைந்தது.

வேலை நிலைமை பற்றியும் தெளிவு தேவை. சோதனையாளர்களில் பலர் குறுகிய கால ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். திட்டம் முடிந்ததும் ஒப்பந்தமும் முடிந்துவிடும். 2021 டிசம்பரில் ரேவன் சாஃப்ட்வேர் நிறுவனத்தில் ஒப்பந்தச் சோதனையாளர்கள் சிலர் நீக்கப்பட்டதை எதிர்த்து அவர்களுடைய சக ஊழியர்கள் வேலையை நிறுத்தினார்கள். 2022 மே மாதத்தில் 19-க்கு 3 என்ற வாக்குகளில் தொழிற்சங்கம் அமைத்தார்கள். 2023 ஜனவரியில் ஜெனிமேக்ஸ் நிறுவனத்தின் சோதனையாளர்கள் ஏறத்தாழ 300 பேர் அதே வழியைத் தேர்ந்தார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பு, அது எப்போது முடிகிறது, புதுப்பிக்கும் முடிவை யார் எடுக்கிறார், உள்பணியிடங்களுக்கு ஒப்பந்த ஊழியர் விண்ணப்பிக்கலாமா ஆகிய மூன்றையும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். கடைசிக் கேள்விக்கு "முடியாது" என்று பதில் வந்தால், அந்த இடத்தில் அனுபவம் கிடைக்கும், பதவி உயர்வு கிடைக்காது என்று புரிந்துகொண்டு சேருங்கள்.

பிழை அறிக்கை

தயாரிப்பாளராக விரும்பும் சோதனையாளரின் முதல் பயிற்சிக்களம் பிழை அறிக்கைதான். "விளையாட்டு செயலிழக்கிறது" என்ற தலைப்பு யாருக்கும் பயன்படாது. "இரண்டாம் கட்டத்தில் பொருள்பை திறந்திருக்கும்போது தானியங்கிச் சேமிப்பு நிகழ்ந்தால் விளையாட்டு செயலிழக்கிறது" என்ற தலைப்பைப் படிப்பவர், அறிக்கையைத் திறக்காமலேயே அது எங்கே நிகழ்கிறது, எப்போது நிகழ்கிறது, எவ்வளவு மோசமானது, யாரிடம் போக வேண்டும் என்று முடிவு செய்துவிடலாம். உள்ளே பில்ட் எண், சாதனம், படிகள், எதிர்பார்த்த விளைவு, நிகழ்ந்த விளைவு, பத்து முயற்சிகளில் எத்தனை முறை நிகழ்ந்தது, காணொளி, விளையாட்டு ஓடும்போது தானே எழுதிவைக்கும் பதிவுக் கோப்பு ஆகியவை இருக்க வேண்டும்.

இவ்வளவையும் எல்லாச் சோதனையாளர்களும் கற்றுக்கொள்கிறார்கள். சிறந்தவர் இன்னும் ஒரு படி போவார். பொருள்பைக்குப் பதிலாக வரைபடம் திறந்திருந்தாலும் செயலிழக்கிறதா, வேறு கட்டத்தில் நிகழ்கிறதா, கையால் சேமித்தால் நிகழ்கிறதா என்று பார்த்துப் பிழையின் எல்லையைக் குறுக்கிக் கொடுப்பார். அந்த அரை மணி நேரம், நிரலாளருக்கு அரை நாளை மிச்சப்படுத்தக்கூடும். அதே நேரத்தில், காரணத்தை ஊகித்து அதை உண்மை போல எழுதிவிடக் கூடாது. பார்த்ததையும் ஊகித்ததையும் தனித்தனியாக எழுதும் பழக்கம், பின்னர் மேலிடத்துக்குத் திட்ட நிலவரம் எழுதும்போது மிகவும் கைகொடுக்கும். அறிக்கையில் யாரையும் குறை சொல்லும் தொனி வேண்டாம். "மீண்டும் உடைத்துவிட்டார்கள்" என்று எழுதும் சோதனையாளரின் அறிக்கைகளை நிரலாளர்கள் கடைசியில்தான் திறப்பார்கள், அவை எவ்வளவு சரியானவையாக இருந்தாலும்.

பிழைகளைத் தரம்பிரிக்கும் கூட்டம்

பெரும்பாலான குழுக்களில், குறிப்பாக வெளியீடு நெருங்கும் மாதங்களில், தயாரிப்பாளரும் துறைத் தலைவர்களும் கூடி, புதிதாக வந்த பிழைகளை ஒவ்வொன்றாக எடுத்து, உடனே திருத்துவதா, பின்னர் திருத்துவதா, திருத்தாமலே விடுவதா என்று முடிவு செய்வார்கள். இந்தக் கூட்டத்தில் இடம் பெற எல்லா நேர்மையான வழிகளிலும் முயலுங்கள். முதலில் குறிப்பெடுப்பவராகப் போங்கள். யாரும் விரும்பாத அந்த வேலையைக் கேட்பவருக்குப் பெரும்பாலும் மறுப்பு வராது. தயாரிப்பு என்னும் வேலையின் சாரம் முழுவதும் அந்த ஒரு மணி நேரத்தில் கண்முன்னே நடக்கும்.

அங்கே முதலில் புரிய வேண்டியது, தீவிரமும் முன்னுரிமையும் வெவ்வேறு என்பது. முகப்புத் திரையில் விளையாட்டின் பெயரே எழுத்துப்பிழையோடு இருந்தால், தொழில்நுட்ப அளவில் அது மிகச் சிறிய பிழை. ஆனால் அன்றே திருத்தப்பட வேண்டியது. ஒரு குறிப்பிட்ட பழைய கிராபிக்ஸ் அட்டையில், மொழியை மூன்று முறை மாற்றிய பிறகு மட்டும் வரும் செயலிழப்பு, தீவிரத்தில் உச்சம். வரிசையில் பின்னால் நிற்கலாம். தீவிரத்தைச் சோதனையாளர் சொல்கிறார், முன்னுரிமையைத் தயாரிப்பாளர் நிர்ணயிக்கிறார்.

நிர்ணயிக்கும்போது நல்ல தயாரிப்பாளர் மனத்தில் ஓடும் கேள்விகள் ஏறத்தாழ இவை. எத்தனை வீரர்கள் இதைச் சந்திப்பார்கள்? சந்தித்தால் அதிலிருந்து மீள வழி உண்டா? திருத்த எவ்வளவு நேரம் ஆகும், அந்த நேரத்தில் அதே நிரலாளர் செய்ய வேண்டியிருந்த வேறு எந்த வேலை நின்றுபோகும்? இந்தத் திருத்தம் தொடும் நிரல், விளையாட்டின் வேறு எந்தப் பகுதிகளுக்கும் பொதுவானது? கடைசிக் கேள்விதான் புதியவர்களுக்கு வியப்பளிப்பது. இறுதிப் பில்டுக்கு இரண்டு நாட்களே இருக்கும்போது இயற்பியல் அமைப்பில் செய்யும் ஒற்றை வரித் திருத்தம், எல்லாக் கட்டங்களையும் மறுபடி சோதிக்க வேண்டிய கட்டாயத்தை உண்டாக்கும். அதற்கு நேரம் இல்லாதபோது, தெரிந்த சிறு பிழையோடு வெளியிடுவது, தெரியாத பெரும் பிழைக்கு இடம் கொடுப்பதை விட மேலானது. ஒரே ஒரு வகையில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்: வீரர் சேமித்து வைத்த முன்னேற்றத்தை அழிக்கும் பிழை, எவ்வளவு அரிதானதாக இருந்தாலும், திருத்தப்பட்ட பிறகே விளையாட்டு வெளியே போக வேண்டும். ஒருவர் பல வாரங்கள் செலவிட்டுச் சேர்த்ததைத் திருப்பிக் கொடுக்க எந்த மன்னிப்புக் கடிதத்தாலும் முடியாது.

இந்தத் தீர்ப்புத் திறனை வளர்த்துக்கொள்ள எளிய வழி ஒன்று உண்டு. கூட்டத்துக்கு முன்பே பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பிழைக்கும் உங்கள் முடிவையும் அதற்கான காரணத்தையும் ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். கூட்டம் முடிந்ததும் தயாரிப்பாளரின் முடிவோடு ஒப்பிடுங்கள். மாறுபட்ட இடங்களில் எது உங்களுக்குத் தெரியாமல் போயிற்று என்று அவரிடம் தனியே கேளுங்கள். பெரும்பாலும் அது ஒரு தேதியாகவோ, வேறொரு குழுவின் தேவையாகவோ, ஒப்பந்த நிபந்தனையாகவோ இருக்கும். நீங்கள் பாடுபட்டுக் கண்டுபிடித்த பிழை "திருத்தப்போவதில்லை" என்று மூடப்படும்போது வருத்தம் வரும். அந்த வருத்தத்தோடு நிறுத்திவிடாமல் காரணத்தைத் தேடிப் போகிறவரே அடுத்த கட்டத்துக்குத் தகுதியாகிறார்.

அட்டவணையைப் படிக்கக் கற்றல்

ஒரு விளையாட்டின் உருவாக்கம், முதல் விளையாடத்தக்க வடிவம், முழுத் தரத்தில் செய்து காட்டப்படும் ஒரு சிறு பகுதி, ஆல்ஃபா, பீட்டா, கன்சோல் நிறுவனங்களின் ஒப்புதலான தளச் சான்றிதழுக்கான சமர்ப்பிப்பு, இறுதிப் பிரதி என்ற மைல்கற்கள் வழியாக நகர்கிறது. பொதுவாக ஆல்ஃபாவில் எல்லா அம்சங்களும், பீட்டாவில் எல்லா உள்ளடக்கமும் உள்ளே இருக்க வேண்டும். ஆனால் நிறுவனத்துக்கு நிறுவனம் இந்த வரையறைகள் மாறுகின்றன. ஒரே நிறுவனத்துக்குள்ளும் நிரலாளர் புரிந்துகொண்ட ஆல்ஃபாவும் வெளியீட்டாளர் புரிந்துகொண்ட ஆல்ஃபாவும் ஒன்றாக இருப்பதில்லை. எழுத்தில் உள்ள வரையறை எது என்று கேட்டு வாங்கிப் படியுங்கள். சோதனையாளராக இருப்பதால், அந்த வரையறைக்கு இன்றைய பில்ட் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பது மற்ற எவரையும் விட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்ததாக, ஒரு மாற்றம் எங்கெல்லாம் போய்த் தொடும் என்று பின்தொடரப் பழகுங்கள். ஒரு கதாபாத்திரம் பேசும் ஒற்றை வசனத்தை மாற்றுவதாக வைத்துக்கொள்வோம். எழுத்தாளர் அதைத் திருத்த ஐந்து நிமிடம் போதும். பிறகு குரல் நடிகரை மறுபடி அழைத்துப் பதிவு செய்ய வேண்டும். பதிவை வெட்டிச் சேர்க்க வேண்டும். உதட்டசைவைச் சரிசெய்ய வேண்டும். விளையாட்டு வெளியாகும் ஒவ்வொரு மொழியிலும் மொழிபெயர்ப்பும், குரல் உள்ள மொழிகளில் மறுபதிவும் தேவை. துணையுரை திரைக்குள் அடங்குகிறதா என்று எல்லா மொழிகளிலும் சோதிக்க வேண்டும். இந்தச் சங்கிலி முழுவதையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் "இந்த வசனத்தை மாற்றலாமா" என்ற கேள்விக்குத் தயாரிப்பாளர் பதில் சொல்கிறார். இதே போல ஒரு புதிய ஆயுதம், ஒரு புதிய கட்டம், ஒரு பொத்தானின் இடமாற்றம் ஆகியவற்றை எடுத்து, தொடப்படும் ஆட்களையும் வேலைகளையும் தாளில் எழுதிப் பாருங்கள்.

மதிப்பீடுகளைக் கேட்பதும் தனிக் கலை. "இரண்டு நாள்" என்று ஒரு நிரலாளர் சொன்னால், அது நிரல் எழுதும் நேரம் மட்டுமா, சக நிரலாளரின் மதிப்பாய்வும் பிரதான பில்டில் சேர்ப்பதும் அதில் அடங்குமா, சோதனையில் திரும்பி வந்தால் மறுபடி செய்யும் நேரமும் சேர்ந்ததா என்று கேட்க வேண்டும். கேட்கும் தொனி விசாரணை போல இருந்தால், அடுத்த முறை அவர் தம்மைக் காத்துக்கொள்ள நான்கு நாள் என்பார். அதோடு உங்கள் அட்டவணை பொய்யாகத் தொடங்கிவிடும்.

கன்சோல்களில் வெளியிடுவதென்றால் சோனி, மைக்ரோசாஃப்ட், நின்டெண்டோ ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனியே வகுத்துள்ள தொழில்நுட்ப விதிகளில் விளையாட்டு தேற வேண்டும். ஆட்டத்தின் நடுவே கன்ட்ரோலரின் இணைப்பு அறுந்தால் என்ன நடக்க வேண்டும், திரையில் பொத்தான்களை எந்தப் பெயரால் குறிப்பிட வேண்டும் என்பது வரை அவற்றில் உண்டு. தேறாவிட்டால் திருத்தி மறுபடி சமர்ப்பிக்க வேண்டும். அறிவிக்கப்பட்ட வெளியீட்டுத் தேதியோ நகராது. விதிமுறைச் சோதனையில் அனுபவம் உள்ள ஒருவர் தயாரிப்புக் குழுவில் இருந்தால், மறுசமர்ப்பிப்புக்கான நாட்களை அவர் தொடக்கத்திலேயே அட்டவணையில் ஒதுக்கி வைப்பார்.

ஜிரா போன்ற பணித்தட மென்பொருள், பெர்ஃபோர்ஸ் போன்ற பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள், விரிதாள் ஆகியவற்றை வேலையோடு வேலையாகக் கற்றுக்கொள்ளலாம்.

பதவி மாறும் கட்டம்

உங்கள் விருப்பத்தைச் சோதனைப் பிரிவுத் தலைவரிடமும் தயாரிப்பாளரிடமும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். சொல்லாத விருப்பத்தை யாராலும் நிறைவேற்ற முடியாது. சொன்ன கையோடு, அவர்கள் தோளில் உள்ள சிறு பொறுப்பு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: ஒவ்வொரு பில்டிலும் என்ன மாறியது என்ற குறிப்பு, மாலையில் அனுப்பும் பிழை நிலவரச் சுருக்கம், வெளிநிறுவனச் சோதனைக் குழுவோடு தொடர்பு, மொழிபெயர்ப்புக் கோப்புகளின் வருகையைக் கண்காணித்தல். நேரடியாகத் தயாரிப்பாளர் பதவி கிடைப்பது அரிது. தயாரிப்பு ஒருங்கிணைப்பாளர், உதவித் தயாரிப்பாளர், இணைத் தயாரிப்பாளர் என்ற படிகளில் ஒன்றே முதல் இடமாக இருக்கும். அதற்கு முன்பு சோதனைப் பிரிவிலேயே குழுத் தலைவராக இருந்தவருக்கு, ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்த அனுபவம் பெரிய பலம்.

வெளியேயும் பழகலாம். 2009 முதல் ஆண்டுதோறும் நடக்கும் குளோபல் கேம் ஜாம் போன்ற நிகழ்வுகளில், மிகக் குறுகிய காலத்துக்குள் ஒரு குழு முழு விளையாட்டைச் செய்து முடிக்க வேண்டும். அதில் தயாரிப்பாளர் பொறுப்பை ஏற்று, முதல் நாள் இரவே எதையெல்லாம் செய்யப்போவதில்லை என்று குழுவோடு பேசி முடிவு செய்யுங்கள். அம்சங்களைக் குறைக்கும் உரையாடலை, நட்பு குலையாமல் நடத்தக் கற்றுக்கொள்ள இதை விட நல்ல இடம் இல்லை. கேம் டெவலப்பர்ஸ் கான்ஃபரன்ஸ் மாநாட்டின் பழைய உரைகள் பல இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில், முடிந்த திட்டங்களில் எவை சரியாக நடந்தன, எவை தவறின என்று உருவாக்கியவர்களே விவரிக்கும் உரைகளைத் தேடிக் கேளுங்கள். வேலையைக் குறுகிய சுற்றுகளாகப் பிரித்துத் திட்டமிடும் ஸ்க்ரம் முறையில் சான்றிதழ் வைத்திருப்பதில் கெடுதல் இல்லை. ஆனால் அதற்குச் செலவிடும் பணத்தையும் நேரத்தையும் விட, ஒரு சிறு விளையாட்டை வெளியீடு வரை கொண்டுசென்ற அனுபவத்துக்கு மதிப்பு அதிகம்.

விண்ணப்பத்தில் எத்தனை பிழைகளைக் கண்டுபிடித்தீர்கள் என்ற எண்ணிக்கையை முன்னிறுத்த வேண்டாம். எந்த முடிவு உங்கள் தகவலால் மாறியது என்று எழுதுங்கள். நேர்காணலில், "ஆல்ஃபாவுக்கு இரண்டு வாரம் இருக்கிறது, மூன்று அம்சங்கள் முடியவில்லை, முக்கிய நிரலாளர் விடுப்பில் இருக்கிறார், என்ன செய்வீர்கள்" என்ற வகைக் கேள்வி வரும். உடனே தீர்வு சொல்ல அவசரப்படாதீர்கள். அந்த மூன்றில் எது இல்லாமல் விளையாட்டு விளையாட்டாகவே இருக்காது, அந்த நிரலாளரின் வேலையை அறிந்த வேறு யார் இருக்கிறார், ஆல்ஃபா தேதியோடு பண ஒப்பந்தம் பிணைந்திருக்கிறதா என்று கேள்விகளைக் கேட்டு, கிடைத்த பதில்களிலிருந்து வழியை அமையுங்கள். கேட்கும் கேள்விகளைத்தான் அவர்கள் மதிப்பிடுகிறார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் உள்ளே வழி திறக்காவிட்டால், சிறிய ஸ்டுடியோ ஒன்றில் சோதனைத் தலைவராகச் சேருங்கள். பத்துப் பதினைந்து பேர் உள்ள இடத்தில் சோதனையும் தயாரிப்பும் ஒரே ஆளிடம் வந்து சேர்வது வழக்கம்.

முதல் ஆண்டில் கவனிக்க வேண்டியவை

முன்னாள் சோதனையாளருக்கு வரும் முதல் தடுமாற்றம், பிழைகளைத் தாமே தேடிக்கொண்டிருப்பது. பழகிய வேலை என்பதால் கை அங்கேயே போகும். பில்டைத் தினமும் விளையாடிப் பார்ப்பது கடமை. ஆனால் அறிக்கை எழுதுவது இனி மற்றவருடைய வேலை, அந்த நேரத்தில் உங்களுக்காகக் காத்திருப்பவர்கள் யார் என்று பாருங்கள். இரண்டாவது, அதிகாரம் பற்றியது. உதவித் தயாரிப்பாளருக்கு எவரையும் கட்டளையிடும் உரிமை இல்லை. சொன்னதை எழுதி வைத்து, எழுதியதை நினைவூட்டி, தடையை அகற்றிக் கொடுப்பவர் என்ற நம்பிக்கையால் மட்டுமே வேலை நகரும். கூட்டம் முடிந்த அன்றே, யார் எதை எப்போது செய்வதாக ஒப்புக்கொண்டார் என்ற குறிப்பை அனுப்பிவிடுவது அந்த நம்பிக்கையின் தொடக்கம்.

அட்டவணை தவறும்போது கூடுதல் நேர வேலையை முதல் தீர்வாகக் கருதாதீர்கள். களைத்தவர்கள் எழுதும் நிரலில் பிழைகள் கூடுகின்றன. அந்தப் பிழைகள் அடுத்த வாரத்தை விழுங்குகின்றன. சோதனைப் பிரிவில் நள்ளிரவு வரை இருந்து அவற்றைப் பிடித்தவருக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. அம்சத்தைக் குறைப்பதும் தேதியை நகர்த்துவதும் கசப்பான உரையாடல்கள்தான். அவற்றைச் சீக்கிரம் நடத்தினால் வழிகள் பல இருக்கும், தாமதித்தால் ஒன்றும் இருக்காது.

விளையாட்டு எந்தச் சாதனத்தில் ஓட வேண்டுமோ அந்தச் சாதனத்திலேயே, அதிலும் பட்டியலில் மிகவும் பலவீனமான சாதனத்தில், வாரந்தோறும் குழு விளையாடுவதை உறுதி செய்யுங்கள். 2020 டிசம்பரில் வெளிவந்த சைபர்பங்க் 2077, பழைய தலைமுறை கன்சோல்களில் மோசமாக ஓடியதால், ஏறத்தாழ ஒரு வாரத்தில் ப்ளேஸ்டேஷன் ஸ்டோரிலிருந்து நீக்கப்பட்டு, 2021 ஜூனில்தான் திரும்பியது. வீரர்கள் சந்தித்த சிக்கல்களில் பெரும்பகுதி தங்கள் சோதனையில் தெரியவரவில்லை என்று அதை உருவாக்கிய நிறுவனத்தின் இணை நிறுவனரே 2021 ஜனவரியில் கூறினார். தலைமை வரை உண்மை நிலவரம் போய்ச் சேரும் பாதையை அமைப்பது தயாரிப்பாளரின் பொறுப்பு. மோசமான செய்தி கொண்டுவருபவரிடம் நீங்கள் முகம் சுளித்தால், அடுத்த செய்தி வராது.

அந்தப் பாதையை அமைக்க, சோதனைத் தலைவரை வடிவமைப்பு விவாதங்களுக்கே அழையுங்கள். ஒரு அம்சம் காகிதத்தில் இருக்கும்போதே "இது எங்கே உடையும்" என்று அவரிடம் கேட்டால், நிரல் எழுதிய பிறகு ஒரு மாதம் பிடிக்கும் திருத்தம் சில சமயம் ஒரு வாக்கிய மாற்றத்தோடு முடிந்துவிடும். சோதனைக் குழு மதிப்பிட்ட நாட்களை, மற்றத் துறைகளின் தாமதத்தை ஈடுகட்ட எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். வரிசையில் கடைசியில் இருப்பதால் அவர்களுடைய நாட்கள்தான் எப்போதும் முதலில் காணாமல் போகின்றன. விளையாட்டின் இறுதியில் வரும் பெயர்ப் பட்டியலையும் நீங்களே பொறுப்பேற்றுத் தொகுங்கள். உரைகள் எல்லாம் பூட்டப்படும் தேதிக்கு முன்பே, ஒப்பந்தம் முடிந்து போய்விட்ட சோதனையாளர்கள் உட்பட ஒவ்வொருவருக்கும் எழுதி, பெயரின் சரியான எழுத்துக்கூட்டைக் கேட்டுப் பெற்று, பட்டியலைச் சமர்ப்பிப்புப் பில்டில் நீங்களே ஒரு முறை ஓடவிட்டுப் படித்துச் சரிபாருங்கள்.